முழங்கால் மடங்கிய படம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் தம்பி மாதக்கணக்கில் பந்து மட்டும்தான் வரைந்தான். பந்து மேலே இருந்து விழ வேண்டும், தரையில் பட வேண்டும், திரும்ப எழும்ப வேண்டும். அவ்வளவுதான் பாடம். வட்டம் போடுவதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்களா என்று நான் சிரித்தேன்.

"வெறும் வட்டமா போட்டா கல்லு விழுந்த மாதிரி இருக்கும் அக்கா," என்றான். "தரையில படறப்போ கொஞ்சம் நசுங்கணும். எழும்பறப்போ கொஞ்சம் நீளணும். ஆனா நசுங்கினாலும் நீண்டாலும் உள்ள இருக்கிற மாவு அதே மாவுதான். ஒரு சிட்டிகை கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

மாவு என்று சொன்னது எனக்காக. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு எது புரியும் என்று பார்த்துப் பார்த்துப் பேசுவான்.

அவன் வேலை பார்த்த இடம், டிவியில் பற்பசைக்கும் பிஸ்கட்டுக்கும் வருகிற பொம்மைப் படங்களைச் செய்யும் ஸ்டூடியோ. மாடிப்படி ஏறினால் ஒரு நீள அறை. வரிசையாக மேஜை. ஒவ்வொரு மேஜையிலும் கீழே விளக்கு வைத்த கண்ணாடிப் பலகை, பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி. முயல் அழ வேண்டும் என்றால் வரைகிறவர் முதலில் கண்ணாடியில் தானே அழுது பார்ப்பார். முதல் முறை நான் சாப்பாடு கொண்டுபோனபோது ஒருவர் பல்லை இளித்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டிருந்தார். ஆண்டவனே, இவனை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய ஓவியர் ஒருவர் முயல் குனிந்து நிற்பதை ஒரு தாளில் வரைவார். அது தாவிப்போய் அந்தப் பக்கம் நிற்பதை இன்னொரு தாளில் வரைவார். இரண்டுக்கும் நடுவில் வர வேண்டிய எல்லாப் படங்களும் தம்பி பொறுப்பு. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "நடுவுல இருக்கிற இடைவெளியை நிரப்புற வேலை," என்பான். "ஓ, பல் டாக்டரா?" என்று கேட்டவரும் உண்டு. பற்பசை முயலை அவன்தான் நெடுநாள் ஓட வைத்தான் என்பதால் ஸ்டூடியோவில் அவனுக்கு 'முயல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. காதும் அதற்கு ஏற்ற மாதிரிதான் இருந்தது.

என் கணவர் போன பிறகு நான் அவனோடு வந்துவிட்டேன். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "என் மூஞ்சியைக் கண்ணாடியில நாள் பூரா பாக்குறேன். இன்னொருத்தரையும் எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?" என்பான். வீட்டில் அவன் பார்த்து வரைய மாதிரி நான்தான். குடத்தைத் தூக்கு, கதவைத் தள்ளு, தும்மு என்று ஏவிக்கொண்டே இருப்பான். நான் தட்டைத் துடைத்தால் என் கையையே பார்ப்பான்.

"உயிருள்ளது எதுவும் நேர்கோட்டுல போகாது அக்கா. உன் கை வளைஞ்சுதான் போகுது பாரு."

"வயசானா எல்லாம் வளையும்டா."

நான் வேகமாக நடந்து சட்டென்று நின்றால், "நீ நின்னுட்ட, உன் பின்னல் இன்னும் நிக்கலை," என்பான். பஸ் கிளம்புவதைக் காட்டி, எதுவும் எடுத்த எடுப்பில் வேகம் பிடிப்பதில்லை, நிற்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்கும், அதனால் ஆரம்பத்திலும் முடிவிலும் படங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும் என்பான். சும்மா நிற்கிற ஆளைக்கூட ஒரே படமாக விட்டுவிடக் கூடாதாம். மயிரிழை அளவாவது அசைத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்குச் செத்துப்போன மாதிரி தெரியுமாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்லுவான். எந்த உடம்பும் ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் அதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் போகும். எறிகிற கை முதலில் பின்னால் போகும். தாவுகிற கால் முதலில் மடங்கும். எழுந்திருக்கிறவர் முதலில் குனிவார். "அந்த முன்னசைவை விட்டுட்டா என்ன நடந்துச்சுன்னே பாக்குறவங்களுக்குப் புரியாது அக்கா. புரிஞ்சாலும் நம்ப மாட்டாங்க."

படைக்கிறவன் தன் வேலையில் ஒரு துளியை என் தம்பி கையில் கொடுத்திருக்கிறான் என்று அப்போது நான் பெருமைப்பட்டதுண்டு. ஜெபம் செய்யும்போது அதைச் சொல்லி நன்றியும் சொல்லியிருக்கிறேன்.

காலம் போனது. தாள் போய் கம்ப்யூட்டர் வந்தது. தம்பி அதையும் கற்றுக்கொண்டு, நடுப்படம் போடுகிறவன் என்ற நிலையிலிருந்து முழுப்படமும் பொறுப்பாகச் செய்கிறவன் ஆனான். காதோரம் நரைத்தது. அந்தச் சமயத்தில்தான் அந்த வேலை வந்தது.

நகரத்தில் ஓர் உயரமான கட்டடத்துக்கு வெளிச்சுவர் வண்ணம் பூசிக்கொண்டிருந்த பெயிண்டர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். சாரத்துப் பலகையைக் கட்டியிருந்த கயிறு தளர்ந்து பலகை நழுவியதா, இல்லை அவரே குதித்தாரா என்று விசாரணை. பலகையும் அவரோடு கீழே கிடந்தது. ஆனால் அவர் போன வேகத்தில் கால் பட்டு அது பிறகு விழுந்திருக்கலாம் என்றது கட்டட காண்டிராக்டர் பக்கம். விசாரணை அதிகாரி, எல்லோருக்கும் ஒரே மாதிரி விளங்கட்டும் என்று, நடந்ததைப் பொம்மைப் படமாகச் செய்து தரச் சொல்லி ஸ்டூடியோவிடம் கேட்டார். யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. இதை நான் தெளிவாக எழுத வேண்டும். அந்த அதிகாரியும் சொல்லவில்லை, ஸ்டூடியோ முதலாளியும் சொல்லவில்லை.

நேரில் பார்த்தவர் ஒரே ஒருவர், அந்தக் கட்டடத்து வாட்ச்மேன். அவர் சொன்னதும் இவ்வளவுதான்: "நிமிர்ந்து பாத்தேன், மேல நின்னுக்கிட்டிருந்தார். கேட்டைத் திறக்கத் திரும்பினேன். மறுபடி பாத்தா விழுந்துக்கிட்டிருந்தார்."

அதாவது முதல் படம் இருக்கிறது, கடைசிப் படம் இருக்கிறது. நடுவில் இருப்பது யாருக்கும் தெரியாது. நடுவில் இருப்பதுதான் என் தம்பி வேலை.

அளவு, உயரம், போட்டோ எல்லாம் வைத்துக்கொண்டு அவன் செய்தான். முகம் இல்லாத சாம்பல் நிற உருவம். நிற்கிறது, அடுத்து விழுகிறது. முதலாளி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாராம். "என்னய்யா முயலு, மூட்டை விழற மாதிரி இருக்கு. மனுஷன் மாதிரியே இல்லையே. உனக்கா சொல்லித் தரணும்?"

தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலையைக் குறை சொன்னால் அவனுக்குத் தாங்காது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சமையலறை ஸ்டூலை நடுவில் போட்டான்.

"அக்கா, இதுல ஏறி நில்லு. அப்படியே இறங்கு."

"எதுக்குடா?"

"ஒரு ஆள் உயரத்துல இருந்து வரணும். எடை எப்படி மாறுதுன்னு பாக்கணும்."

ஏறினேன், இறங்கினேன். மறுபடி ஏறச் சொன்னான். என் வலது முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதனால் நான் எப்போதும் இடது முழங்காலை முதலில் மடக்கி, உடம்பைச் சிறிது பின்னுக்கு வாங்கி, அப்புறம்தான் இறங்குவேன். அவன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே, "அதுதான், அதேதான்," என்றான். "உன் முழங்காலுக்கு டிவியில வேலை கிடைச்சிருக்கு அக்கா." நானும் சிரித்தேன். யாருக்காக என்று கேட்கவில்லை. முயலுக்காகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டே இரண்டு படம்தான் நடுவில் சேர்த்தானாம். முழங்கால் மடங்குவது ஒன்று. உடம்பு பின்னுக்கு வாங்குவது ஒன்று. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் மூட்டை மனுஷனாகிவிட்டது. முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். "இப்பதான்யா உயிர் வந்திருக்கு."

படம் போனது. தம்பி பிஸ்கட்டுக்குத் திரும்பினான்.

பல வாரங்கள் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கலாம். கை விரல்களில் சூடு பட்ட பழைய தழும்புகள்.

"பொம்மைப் படம் செய்யிறவர் வீடு இதானுங்களா? ஸ்டூடியோவுல கேட்டு வந்தேன்."

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். தம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாரே தவிரக் குடிக்கவில்லை. சலவைக்கடையில் துணி தேய்க்கிற வேலையாம். விழுந்து இறந்த பெயிண்டரின் மனைவி என்று சொன்னதும் தம்பி எழுந்து நின்றுவிட்டான்.

"சண்டை போட வரலைங்க," என்றார் அந்தப் பெண். "நீங்கதானே அவரை வரைஞ்சீங்க? அதான் கேக்கலாம்னு. குதிக்கிறதுக்கு முன்னாடி திரும்பிப் பாத்தாரா?"

தம்பிக்கு விளங்கவில்லை. "குதிக்கிறதுக்கா? அவர் விழுந்தார்தானேம்மா?"

"குதிச்சார்னு எழுதிட்டாங்களே. உங்க படத்தைப் போட்டுத்தானே காட்டினாங்க." அவர் குரல் உயரவே இல்லை. "காண்டிராக்டரோட வக்கீல் அந்த இடத்துல நிறுத்தச் சொன்னார். 'பாருங்க, முழங்காலை மடக்குறார். விழறவன் மடக்க மாட்டான், குதிக்கிறவன்தான் மடக்குவான்' னு சொன்னார். திரும்பத் திரும்ப ஓட்டினாங்க. நானும் பாத்தேன். மடக்கத்தான் செஞ்சார்."

செல்போனை எடுத்துக் காட்டினார். யாரோ அந்தப் படத்தை எடுத்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிற உருவம் பலகை மேல் நிற்கிறது. இடது முழங்கால் முதலில் மடங்குகிறது. உடம்பு சிறிது பின்னுக்கு வாங்குகிறது.

"டேய்," என்றேன். "இது என் முழங்கால்டா."

தம்பி செல்போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு அவன் கண் சமையலறைப் பக்கம் போனது. ஸ்டூல் அங்கேயேதான் இருந்தது, அடுப்புப் பக்கத்தில், அதன் மேல் வெங்காயக் கூடை.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படீன்னா நீங்க அவரைப் பாக்கலையா?"

"பாக்கலைம்மா," என்றான் தம்பி. "யாருமே பாக்கலை. நடுவுல என்ன நடந்துச்சுன்னு தெரியாது. அது நானா போட்டது. எங்க வேலையில எதுக்கும் அப்படித்தான் போடுவோம். முயலுக்கும் அப்படித்தான். பழக்கம். கை தானா போட்டுருச்சு."

அவர் அழவில்லை. தம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் கணவர் விழுந்த அன்றைய காலையைப் பற்றிச் சொன்னார். வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டே இருந்ததாம். சரி செய்யுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதாம். அன்றைக்குக் கணவர் கிளம்பும்போது இவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "போயிட்டு வரேன்னார். நான் திரும்பவே இல்லை." அவர்களுக்கு ஒரே மகள், ஆறாவது படிக்கிறாள். ஓயாமல் பேசுவாள் என்பதால் அப்பா வைத்த பெயர் சில்வண்டு. அந்தக் குழந்தை படத்தைப் பார்த்துவிட்டது. அதிலிருந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை இல்லை. அம்மா பேசாமல் அனுப்பியதால்தான் அப்பா குதித்தார் என்று அவள் மனதில் பதிந்துபோயிற்று.

"எங்கிட்ட மட்டும்தான் பேச மாட்டேங்குறா. எனக்கும் அவமேல கோபம் வரலைங்க. எனக்கே அப்படித்தானே தோணுச்சு."

மறுநாளே தம்பி விசாரணை அதிகாரியைப் பார்க்கப் போனான். அவனைத் தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். முதலாளி முன்னாலேயே எச்சரித்தார். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு. நாம தப்பா செஞ்சோம்னு ஆயிடுச்சுன்னா நாளைக்கு எவன் நமக்கு வேலை கொடுப்பான்?" தம்பி கேட்கவில்லை.

அதிகாரி நல்ல மனுஷர். உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். தம்பி, முன்னசைவு என்றால் என்ன, ஏன் போடுகிறோம் என்று எல்லாம் சொன்னான். மடக்கத்தை எடுத்துவிட்டு இன்னொரு படமும் செய்து கொண்டுபோயிருந்தான். அதில் பலகை நழுவுகிறது, கால் அப்படியே நேராக இருக்கிறது, ஆள் போய்விடுகிறார்.

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இப்ப உங்க படம் மட்டும் இல்லையே. வாட்ச்மேனும் சொல்லிட்டாரே, முழங்காலை மடக்கினார்னு."

"அவர்தான் திரும்பிட்டேன்னு சொன்னாரே சார்?"

"முதல்ல அப்படிச் சொன்னார். படம் பாத்தப்புறம் ஞாபகம் வந்துடுச்சுன்னார்."

வாட்ச்மேனை வரவழைத்தார்கள். வயதானவர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். யாரிடமும் காசு வாங்குகிற முகம் இல்லை. ஆண்டவன் சாட்சியாகச் சொல்கிறேன், அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு படத்தையும் போட்டுக் காட்டினார்கள். மடக்கம் இல்லாத படத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"இது இல்லை ஐயா. இது பொம்மை. மனுஷன் இப்படியா போவான்? முதல்ல காட்டினதுதான் சரி. எனக்கு இப்பவும் கண்ணு முன்னாடி நிக்குது. இடது காலை மடக்கினார், பின்னால சாஞ்சார், போயிட்டார்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. "நான் கத்தியிருந்தா நின்னிருப்பாரோ என்னவோ. அதை நினைச்சாத்தான் சோறு இறங்க மாட்டேங்குது."

என் முழங்காலைத்தான் அந்த மனுஷர் நினைத்து நினைத்துச் சாப்பிடாமல் இருந்தார். அதை எப்படி அவருக்குச் சொல்வது? தம்பி சொன்னான். "ஐயா, அது எங்க அக்காவோட கால். எங்க வீட்டு ஸ்டூல்ல இருந்து இறங்கினது." வாட்ச்மேன் என் காலைப் பார்த்தார். பிறகு, பித்துப் பிடித்தவனைப் பார்க்கிற மாதிரி தம்பியைப் பார்த்தார்.

எழுதியது எழுதியதுதான் என்று ஆகிவிட்டது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். "நான் அவ்வளவு நல்லா செஞ்சிருக்கேன் அக்கா," என்றான். அந்த வாரத்திலேயே முதலாளி கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். மேஜைக் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தான். அதை மாட்டவில்லை, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான்.

இரண்டு நாள் கழித்து, "அந்தக் குழந்தைக்காவது தெரியணும் அக்கா," என்றான்.

பெயிண்டர் வீடு ஒரே அறை, பின்னால் சிமெண்டு போட்ட சிறு முற்றம். நாங்கள் போனபோது மத்தியானம். முற்றத்துக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். சில்வண்டு முற்றத்துப் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை.

தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னான். நான் எழுந்து நின்று, ஸ்டூலிலிருந்து இறங்குவது போலச் செய்தும் காட்டினேன். அவள் கவனமாகக் கேட்டாள். மடக்கம் இல்லாத படத்தைச் செல்போனில் காட்டினான். பார்த்தாள். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள்.

"இது நிஜம் மாதிரி இல்லையே," என்றாள். "அதுதான் எங்கப்பா மாதிரி இருக்கு."

தம்பி செல்போனை அணைத்தான். எழுந்து முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான். மூலையில் பெயிண்டருடைய பலகை ஒன்று சாத்தியிருந்தது, வண்ணம் சொட்டிச் சொட்டிக் காய்ந்தது. காய்கறிப் பெட்டிகள் இரண்டு கிடந்தன. பெட்டிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, அவற்றின் மேல் பலகையை வைத்தான். ஏறி நின்றான்.

"அம்மா, பலகையை அந்தப் பக்கத்துல இருந்து யாராவது வெடுக்குனு இழுங்க. எப்ப இழுக்கப் போறீங்கன்னு எங்கிட்ட சொல்லக் கூடாது. பாப்பா, நீ என் முழங்காலை மட்டும் பாரு."

"ஐயோ, வேண்டாங்க," என்றார் அந்தப் பெண். "விழுந்து வெச்சீங்கன்னா?"

"விழத்தாம்மா போறேன்."

"இறங்குடா," என்றேன் நான். "உனக்கென்ன இருபது வயசா? எலும்பு என்னத்துக்கு ஆகும்? இறங்கு சொல்றேன்."

"அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரு."

"நான் சும்மா இருந்து இருந்துதான் நீ இந்த லட்சணத்துல வந்து நிக்கிற."

"எனக்குக் கை வராதுங்க," என்று அந்தப் பெண் பின்வாங்கினார். தம்பி அவர் பக்கம் திரும்பி, ஒன்றும் ஆகாது, முழங்கால் உயரம்தான், என்று சொல்ல வாயெடுத்தான். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். குழந்தையை யாரும் பார்க்கவில்லை. அவள் எப்போது எழுந்தாள், எப்போது அந்தப் பக்கம் போய்ப் பலகையின் முனையைப் பிடித்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பலகை போய்விட்டது.

தம்பி பேசிக்கொண்டிருந்த வாய் அப்படியே திறந்தபடி இருந்தது. கால் நேராக இருந்தது. கை எங்கேயும் போகவில்லை. முன்னால் ஒன்றுமே இல்லை, ஒரு சின்ன அசைவுகூட இல்லை. நின்றுகொண்டிருந்தவன் சிமெண்டில் கிடந்தான். மூட்டை விழுந்த மாதிரியேதான் இருந்தது. வலது கை உடம்புக்கு அடியில் அகப்பட்டு, காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. வலி தெரிந்து அவன் கத்தியது அதற்கும் பிறகுதான்.

நான் ஓடினேன். அவன் முகம் வெளுத்து வியர்த்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தான். அவள் பலகையை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா," என்றாள்.

அந்தப் பெண் சட்டென்று மகள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, அவர் மடக்கலை. நான் நல்லா பாத்தேன். மடக்கவே இல்லைம்மா." பலகையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அப்பாவும் மடக்கலைம்மா. அவருக்குத் தெரியவே தெரியாதும்மா." அதற்குமேல் பேச்சு வரவில்லை. தாயும் மகளும் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்ததும் அவர்கள்தான்.

மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் போயிருந்தது. கட்டுப் பிரித்தபோது கை கொஞ்சம் திரும்பி நின்றது. பென்சிலைப் பிடித்தால் நடுங்குகிறது. இப்போது எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அச்சகத்தில், தாள் அடுக்கி எண்ணி வைக்கிற வேலைக்குப் போகிறான். யாராவது இதைக் கேட்டு உச்சுக் கொட்டினால், "போகட்டும், முயலுக்கு ரெஸ்ட்டு," என்பான். நான் தட்டைத் துடைக்கும்போது என் கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

விசாரணையின் முடிவு மாறவில்லை. பெயிண்டர் தானே குதித்தார் என்றுதான் அந்தக் காகிதத்தில் இன்னும் இருக்கிறது. படமும் எத்தனையோ செல்போன்களில் இருக்கிறது. வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். என் ஜெபத்தில் அவருக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறேன்.

சலவைக்கடைப் பக்கம் போகும்போது அந்தப் பெண்ணைப் பார்ப்பேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்து தம்பியின் கையைப் பற்றி விசாரிப்பார். போன வாரம் ஒன்று சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, "உங்கப்பா குதிச்சாராமே," என்று சில்வண்டிடம் கேட்டதாம். இவள் கோபப்படவில்லையாம், அழவில்லையாம்.

"இல்லை, பலகை போச்சு," என்றாளாம். "நானே இழுத்துப் பாத்திருக்கேன்."

வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொன்னாளாம். சொல்லிவிட்டு, குழாயடி வாளி நிறைந்திருக்கிறது என்று அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாளாம்.